தெரியாமற்போன சிவப்புப் பட்டை

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. ஜெயரூபி எடுத்தாள். சல்லிக் கிராமத்திலிருந்து புஸ்பராணி.

"தங்கச்சி, பின்னேரம் பெருங்காத்து எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். உங்கட சைட்டில ஒண்டும் இல்லையெண்டுதானே எங்கட ஆக்கள் போனவை?"

"இல்லையே அக்கா. நேற்றுப் பின்னேரமே எச்சரிக்கை போட்டிட்டன். சிவப்பில கிடக்குது."

"எங்க கிடக்குது? விடிய நாலரைக்கு நானும் இவரும் சேந்துதான் பாத்தனாங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லையெண்டு பச்சையில எழுதிக் கிடந்தது."

ஜெயரூபி கணினியைத் திரும்பிப் பார்த்தாள். நீலக்கரை மீனவர் ஒன்றியத்தின் முகப்புப் பக்கம் திறந்தபடி இருந்தது. அதன் தலைப்பில், நேற்று மாலை அவள் தட்டச்சு செய்த வசனம் சிவப்புப் பட்டையில் தெளிவாகத் தெரிந்தது. வியாழன் நண்பகலுக்குப் பின் வடகிழக்குக் காற்று மணிக்கு எழுபது கிலோமீற்றர் வரை வீசலாம், கடலுக்குச் செல்ல வேண்டாம்.

"அக்கா, எனக்கு முன்னாலதான் இருக்கு..." சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து தன் கைபேசியை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தாள்.

சிவப்பு இல்லை. பச்சை எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. இன்று கடல் எச்சரிக்கை எதுவும் இல்லை.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே வரி.

"தங்கச்சி? லைனில நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன் அக்கா. அண்ணை எந்தப் பக்கம் போனவர்?"

"புல்மோட்டைப் பக்கம். என்ர தம்பி பிரசாந்தனும் கூடப் போனவன். ரெண்டு பேருக்கும் மாறி மாறி எடுக்கிறன், போன் போகுதில்லை."

"நாங்கள் எடுத்துப் பாக்கிறம். நீங்கள் போனைக் கையில வச்சிருங்கோ."

தொலைபேசியை வைத்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நீலக்கரை ஒன்றியத்தின் அலுவலகம் உட்துறைமுக வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வரையான பதினேழு சிறு சங்கங்கள் அதில் சேர்ந்திருந்தன. அவற்றின் பதிவுகளையும் இணையத்தளத்தையும் கவனிப்பது ஜெயரூபியின் வேலை. கொஞ்சக் காலமாக அங்கத்தவர்கள் ஒரே முறைப்பாட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று கைபேசி சொல்கிறது, வைரஸ் ஏதும் வருமா என்று கேட்டார்கள். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை அவள் தளத்தைப் பாதுகாப்பான முகவரிக்கு மாற்றினாள். முகவரியின் தொடக்கத்தில் http என்று இருந்தது https என்று ஆயிற்று. சேர்ந்தது ஓர் எழுத்துத்தான். கைபேசியில் பூட்டுப் படம் வந்தது. கனகரத்தினம் ஐயாவும் பார்த்துவிட்டு, "நல்லது பிள்ளை" என்றார்.

ஆனால் ஐந்து வருடமாகத் தரவுத்தளத்துக்குள் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான இணைப்புகள் பழைய முகவரியிலேயே கிடந்தன. படங்கள் ஒன்றிரண்டு வராமல்போகும், ஆறுதலாகத் திருத்தலாம் என்று அவள் நினைத்திருந்தாள். சிவப்புப் பட்டையை அவள் யோசிக்கவில்லை. பக்கம் திறக்கும்போது முதலில் பச்சை வரிதான் வரும். பிறகு ஒரு சிறு நிரல் வந்து, எச்சரிக்கை ஏதும் இருந்தால் பச்சையை அழித்துச் சிவப்பைப் போடும். அந்த நிரலை அழைக்கும் இணைப்பும் பழைய முகவரியில்தான் இருந்தது. பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பற்ற இணைப்பு வழியாக வரும் நிரலைக் கைபேசிகள் உள்ளே விடுவதில்லை. நிரல் வரவில்லை, பச்சை அழியவில்லை.

அவளுடைய கணினியில் மட்டும் சிவப்புத் தெரிந்ததற்கும் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்க்கையில், இந்தத் தளத்தில் பாதுகாப்பற்றவற்றையும் அனுமதி என்று அவளே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தாள். அழுத்தியதை மறந்துபோனாள்.

வருகைப் பதிவைத் திறந்தாள். விடிய நாலு மணியிலிருந்து இருநூற்று முப்பத்தொரு கைபேசிகள் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தன. இருநூற்று முப்பத்தொன்றிலும் பச்சை.

"ஐயா!" என்று கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

உள்ளறையிலிருந்து செயலாளர் கனகரத்தினம் வந்தார். அறுபதை நெருங்கியவர், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அவள் சொல்லச் சொல்ல அவருடைய முகம் இறுகியது. அவளுடைய கைபேசியையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினை படகு போயிருக்கு?"

"தெரியாது ஐயா. எல்லாச் சங்கத்துக்கும் எடுத்துக் கேக்கவேணும்."

அவர் யன்னலருகே போய் நின்றார். உட்துறைமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெயில்கூட எறித்தது. திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உன்ர கணினியில சிவப்பாத்தானே கிடக்குது, பிள்ளை? அதை ஒரு படம் எடுத்து வை. நேற்றே போட்டனாங்கள் எண்டதுக்கு அத்தாட்சி."

"அது எனக்கு மட்டும்தான் ஐயா தெரியுது."

"படத்தில அது விளங்காதுதானே."

ஜெயரூபி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. படத்தில் அது விளங்காது. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் காட்டலாம். ஒரு கணம் அவளுடைய விரல் படம் எடுக்கும் பொத்தானுக்கு அருகில் போனது.

"எனக்கு அது வேண்டாம் ஐயா. முதல்ல ஆக்களைக் கூப்பிடுங்கோ. கடற்படைக்கும் சொல்லுங்கோ."

அவர் அலுமாரியைத் திறந்து அங்கத்தவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் இருந்த கதிரையில் உட்கார்ந்து இலக்கங்களை அழுத்தத் தொடங்கினார்.

ஜெயரூபி தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் போனாள். பட்டையின் இணைப்பை மட்டும் திருத்தினால் போதும். திருத்திவிட்டு 'சேமி' என்பதை அழுத்தினாள். மறுபடி கடவுச்சொல் கேட்டது. கொடுத்து உள்ளே போய், திருத்தி, அழுத்தினாள். மறுபடியும் கடவுச்சொல். நேற்று எச்சரிக்கை எழுதிய பக்கம் வேறு; இந்த அமைப்புப் பக்கத்தின் சேமிக்கும் பொத்தான் பழைய இணைப்பு வழியாகத்தான் போனது. புதிய முகவரி அதை ஏற்கவில்லை. பச்சை வரியை மாற்றிப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

எதிரே, திரியாய்ச் சங்கத் தலைவரோடு பேசிக்கொண்டிருந்த கனகரத்தினத்தின் குரல் உயர்ந்தது. "சோமசேகரம், நான் சொல்லுறன் கேள். உங்கட பொடியளை இறங்க விடாதை... என்ன? ... அது பிழையாக் காட்டுது."

அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னார். "திரியாயில அஞ்சு படகு பதினொரு மணிக்கு இறங்க நிக்குதாம். வானம் வெளிச்சுக் கிடக்கு, சைட்டிலயும் பச்சை கிடக்கு, ஐயா சொல்லுறதைக் கேட்டு ஏன் ஒரு நாள் தொழிலை விடவேணுமெண்டு கேக்கிறாங்களாம். ரேடியோக்காரன் எந்த நாளும்தான் காத்து எண்டுறான் எண்டு சொல்லுறாங்களாம். சைட்டில சிவப்பு வந்தா நம்புவாங்களாம்."

எத்தனை வருடமாக அந்தப் பக்கத்தை நம்பச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் வைத்தார்கள். இப்போது மீனவர்கள் நம்பினார்கள்.

நேரம் ஒன்பது ஐம்பத்தாறு.

தரவுத்தளத்துக்குள் நேரே இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. திறந்தாள். பழைய முகவரியைத் தேடினாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு இடங்கள். ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு கிழமை வேண்டும். பட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடி நேரத்தை வீணாக்க அவள் விரும்பவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றலாம்: இந்தச் சொல் இருக்கும் இடமெல்லாம் அந்தச் சொல்லைப் போடு. எழுதினாள். செவ்வாய்க்கிழமை மாற்றம் முடிந்தபின் எடுத்த தரவுத்தளப் பிரதி ஒன்று இருந்தது. இன்றைக்குப் புதிதாக ஒன்று எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். எடுக்காமலே கட்டளையை ஓடவிட்டாள்.

மூன்று வினாடியில் முடிந்தது. கைபேசியில் பக்கத்தைத் திறந்தாள்.

வெள்ளை.

ஒன்றியத்தின் பெயர் மட்டும் மேலே இருந்தது. அதற்குக் கீழே பட்டை இல்லை, பச்சை வரி இல்லை, துறைமுக அவசர இலக்கங்கள் இல்லை, பட்டியல்கள் இல்லை. கணினியிலும் வெள்ளை. அவளுக்கு முன்னால் இருந்த சிவப்பும் போய்விட்டது.

"என்ன பிள்ளை?" கனகரத்தினம் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

கைபேசியில் றுமானாவின் பெயரைத் தேடி அழுத்தினாள்.

றுமானா கிண்ணியாக்காரி. பல்கலைக்கழக வளாகத்தில் ஜெயரூபியோடு படித்தவள். ஒன்றியத்தின் தளத்தை ஐந்து வருடத்துக்கு முன் அவள்தான் கட்டினாள். இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை. முதல் அழைப்பைத் துண்டித்தாள். இரண்டாவதையும் துண்டித்தாள். மூன்றாவதை எடுத்தாள்.

"ஜெயா, மீட்டிங்கில இருக்கிறன், பிறகு..."

"கடலில ஆக்கள் நிக்கினம், றுமானா. வைக்காதை."

கதவொன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. "சொல்லு."

ஜெயரூபி சொன்னாள். றுமானா இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாத்திலயும் சும்மா மாத்தினியா? அமைப்புகள் இருக்கிற அட்டவணையிலயும்?"

"ஓம்."

"அதுதான். பட்டை, மெனு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால அது எத்தனை எழுத்தெண்டு எண்ணி எழுதி வச்சிருக்கும். நீ ஒரு எழுத்தைக் கூட்டிட்டாய், எண்ணிக்கையை மாத்தல்ல. நாப்பதெண்டு எழுதிப்போட்டு நாப்பத்தொண்டு குடுத்தா, அது முழுசையும் வேணாமெண்டு விட்டிடும்."

"சேத்த எழுத்தைத் திருப்பி எடுத்தா?"

"வேணாம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு புதுசா எழுதினதுகளும் அதோட சேந்து மாறிடும், இன்னும் குழம்பும். செவ்வாய்க்கிழமைப் பிரதி இருக்கெண்டாய்தானே? அதைப் போடு. நேத்துப் போட்ட எச்சரிக்கை அதில இருக்காது, அதைத் திரும்ப எழுதவேணும். நான் லைனிலதான் இருக்கிறன்."

"போட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"உன்ட லைனைப் பொறுத்தது. பதினைஞ்சு நிமிசம். ஜெயா, இப்ப வெள்ளைதானே கிடக்கு? பொய் சொல்லாமலாவது கிடக்குது. பதட்டப்படாமச் செய்."

ஜெயரூபி பிரதியை ஏற்றத் தொடங்கினாள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஐந்து வீதம். எட்டு வீதம். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கனகரத்தினத்தைப் பார்த்தாள். அவர் பதிவேட்டில் பெயர்களுக்கு நேரே பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குப் போனது பதினாலு. ரெண்டு ஏற்கெனவே கரைக்கு வந்திட்டுது. பத்தோட கதைச்சிட்டன், திரும்புறாங்கள். ஒண்டு நிலாவெளிக்கு நேரே நிக்குதெண்டு பக்கத்துப் படகுக்காரன் சொன்னான், அவன் போய்ச் சொல்லுவான்."

"மற்றது?"

"கதிரவேல். புஸ்பராணியின்ர மனுசன்."

அவர் மறுபடியும் அந்த இலக்கத்தை அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்திருந்தார்.

முப்பத்தொரு வீதத்தில் கோடு நின்றுவிட்டது. ஒரு நிமிடம். முப்பத்திரண்டு.

பத்து இருபத்தேழுக்குச் சோமசேகரம் திரியாயிலிருந்து எடுத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஐயா, இப்ப சைட்டில ஒண்டுமே வரேல்லை. வெறும் வெள்ளை. பொடியள் சிரிக்கிறாங்கள். எஞ்சினைப் பூட்டத் தொடங்கிட்டாங்கள்."

"அரை மணித்தியாலம் பிடிச்சு வை, சோமசேகரம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் அப்படி யாரையும் கெஞ்சி ஜெயரூபி கேட்டதில்லை.

பத்து முப்பத்தொன்றுக்குக் கோடு முடிந்தது. பக்கம் திரும்ப வந்தது. பச்சை வரியும் திரும்ப வந்தது.

"இப்ப எண்ணிக்கையையும் சேத்து மாத்துற கருவியை ஏத்து. நான் அனுப்பியிருக்கிறன் பார்," என்றாள் றுமானா. "உடனே ஓட்டாதே. முதல்ல ஒத்திகை. ஒண்டையும் மாத்தாம, எத்தனை மாறுமெண்டு மட்டும் சொல்லும்."

"நேரமில்லை, றுமானா."

"முதல்தரமும் இப்பிடித்தான் நேரமில்லையெண்டு செஞ்சாய். ஒத்திகை ஓட்டு."

ஓட்டினாள். அட்டவணை அட்டவணையாக எண்கள் வந்து விழுந்தன. கடைசியில் மொத்தம்: நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

"நாலு குறையுது," என்றாள் ஜெயரூபி. "காலமை பதினாறு இருந்தது."

ஜெயரூபி இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தாள்.

"நேத்து நீ எச்சரிக்கை போட்டதுதான்," என்றாள் றுமானா திடீரென்று. "பழைய எச்சரிக்கையை அப்பிடியே படத்தோட எடுத்துப் போட்டியா? அதில நாலு இணைப்பு இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமைப் பிரதியில அது இல்லைதானே. சரியாத்தான் இருக்கு. ஓட்டு."

பத்து நாற்பத்தாறுக்கு ஓடியது. இம்முறை பத்தொன்பது வினாடி எடுத்தது. ஜெயரூபி நிர்வாகப் பக்கத்துக்குப் போய், நேற்றைய எச்சரிக்கையைத் திரும்பத் தட்டச்சு செய்தாள். இரண்டு தடவை பிழையாக விழுந்தது. சேமி. ஏற்றுக்கொண்டது. தன் கணினியில் பார்க்க அவளுக்கு நம்பிக்கை இல்லை. கைபேசியை எடுத்தாள். கனகரத்தினமும் தன்னுடையதை எடுத்தார்.

இரண்டிலும் சிவப்பு.

"வந்திட்டுது," என்றாள். "றுமானா, வந்திட்டுது."

"இங்கயும் தெரியுது," என்றாள் றுமானா. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நேரம் பத்து ஐம்பத்திரண்டு. மூன்று நிமிடம் கழித்துச் சோமசேகரம் எடுத்தார். படகுகளைத் திரும்ப மேலே இழுக்கிறார்கள், ஒருவன் மட்டும் நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே என்று ஏசுகிறான் என்றார். கனகரத்தினம் தொலைபேசியை வைத்தார்.

பதினொன்றரைக்குப் பிறகு உட்துறைமுகத் தண்ணீரில் சுருக்கங்கள் விழத் தொடங்கின. பன்னிரண்டு மணிக்கு வாடைக் காற்று யன்னல் கதவைப் பிடித்து அடித்தது. மழை சரிந்து வந்தது. எதிர்க் கரையில் இருந்த கட்டிடங்கள் மறைந்துபோயின. ஒன்பது படகுகள் கரைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு பதினொன்று. ஒரு மணிக்குப் பதின்மூன்று.

புஸ்பராணி கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்தாள்.

"ஏதும் தெரியுமோ, தங்கச்சி?"

"கடற்படைக்குச் சொல்லியிருக்கிறம் அக்கா. புல்மோட்டைச் சங்கத்துக்கும் சொல்லியிருக்கு."

"அவருக்கு இந்தக் கடல் தெரியும். முப்பது வருசம் போனவர். ஆனா தம்பிக்கு அவ்வளவு பழக்கமில்லை."

"ஓம் அக்கா."

ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைக்கும்போது, சொல்லவேண்டியது சொல்லப்படாமலே இருந்தது. புஸ்பராணி அழைக்கும்போதெல்லாம் ஜெயரூபி எடுத்தாள். எடுக்காமல் விட ஒரு தடவைகூடத் துணியவில்லை. ஆனால், சைட் ஏன் பச்சையாக இருந்தது என்று புஸ்பராணி திரும்பக் கேட்கவில்லை. ஜெயரூபியும் அதைத் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் மேசையில் பிரிக்காமல் கிடந்தது.

நாலு இருபதுக்குப் புல்மோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. கனகரத்தினம் எழுந்து நின்றபடி கேட்டார். கேட்டு முடித்ததும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம். படகு கவிண்டு போச்சு. அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு மூண்டு மணித்தியாலம் மிதந்திருக்கினம். எங்கட ஒன்றியத்தில சேராத புல்மோட்டைப் படகொண்டு கரைக்குத் திரும்பேக்க கண்டு ஏத்தியிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஏத்தேக்க பிரசாந்தன்ர வலக்கை ரெண்டு படகுக்கும் இடையில நசிஞ்சு போச்சாம்."

ஜெயரூபி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து புஸ்பராணிக்கு எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பாலையூற்றிலிருந்த தன் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருவரையும் விடியற்காலையில் திருகோணமலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கதிரவேல் கட்டிலில் சாய்ந்து இருந்தார். உதடும் கண்ணிமையும் உப்பில் வெடித்திருந்தன. பக்கத்துக் கட்டிலில் பிரசாந்தன் படுத்திருந்தான். இருபத்தொன்பது வயது. வலக்கை முழங்கை வரை பெரிய கட்டு. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது என்று தாதி சொல்லியிருந்தாள்.

புஸ்பராணி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். "வாங்கோ தங்கச்சி," என்றாள். "நேற்று முழுக்க உங்களைக் கரைச்சல்படுத்திப் போட்டன்."

அந்தச் சொல் ஜெயரூபிக்குத் தாங்கவில்லை. புஸ்பராணி உட்காரச் சொல்லிக் காட்டிய இடத்தில் அவள் உட்காரவில்லை.

"அக்கா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். அண்ணைக்கும். நேற்று விடிய சைட்டில பச்சை காட்டினது என்ர பிழை. நான் செவ்வாய்க்கிழமை அதில ஒரு மாற்றம் செய்தனான். அதுக்குப் பிறகு எச்சரிக்கை உங்கட போனுக்கு வராதெண்டு நான் பாக்கேல்லை. ஒருக்கால் என்ர போனில திறந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்கேல்லை."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

கதிரவேல்தான் முதலில் வாயைத் திறந்தார். குரல் கரகரத்தது. "வானத்தையும் பாத்தனான், தங்கச்சி. வெளிச்சுத்தான் கிடந்தது. அதோட இதையும் பாத்தம். ரெண்டும் ஒண்டுதான் சொன்னது."

"நான் ஏழு மணிக்கு இன்னொருக்கா பாத்தனான்," என்றான் பிரசாந்தன் கண்ணைத் திறக்காமலே. "கரையை விட்டு அவ்வளவு தூரம் போகேல்லை, சிக்னல் இருந்தது. அத்தான் மேகத்தைப் பாத்துத் திரும்புவமோ எண்டு கேட்டவர். பச்சைதான் கிடக்குதெண்டு நான்தான் சொன்னனான்."

புஸ்பராணி தம்பியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜெயரூபியிடம் திரும்பினாள்.

"நேற்று நான் எத்தினை தரம் எடுத்தனான்?"

"கனதரம் அக்கா."

"ஒருக்கால்கூடச் சொல்லேல்லையே."

"பயமா இருந்தது."

"எனக்கும்தான் பயமா இருந்தது." புஸ்பராணியின் குரல் உயரவில்லை. "போங்கோ தங்கச்சி. இண்டைக்கு உங்களோட கதைக்க என்னால ஏலாது."

ஜெயரூபி வெளியே வந்து மழைத்தூறலில் நடந்தே அலுவலகத்துக்குப் போனாள். போய் உட்கார்ந்து ஓர் அறிவித்தல் எழுதினாள். புதன்கிழமை மாலை முதல் வியாழக்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டு வரை தளத்தில் கடல் எச்சரிக்கை தெரியவில்லை, தளத்தின் முகவரியை மாற்றியபோது தவறு ஏற்பட்டுள்ளது, பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அதைக் கனகரத்தினத்திடம் கொடுத்தாள். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போவது என்று தீர்மானித்திருந்தாள்.

அவர் வாசித்தார். நெடுநேரம் எடுத்தார்.

"இதைப் போட்டா சங்கங்கள் விலகிப் போகும், பிள்ளை. பதினேழில ஏழெட்டு மிஞ்சினாப் பெரிய காரியம்."

"தெரியும் ஐயா."

"திரியாயில ஏசினவன் சொன்னது சரிதான். ரெண்டு நாளா நானும் என்ர போனில அந்தப் பூட்டுப் படத்தைத்தான் பாத்தனான். வேற ஒண்டையும் பாக்கேல்லை." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'தவறு ஏற்பட்டுள்ளது' என்ற இடத்தை வெட்டினார். மேலே 'தவறு செய்துவிட்டோம்' என்று எழுதினார். கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பம் வைத்தார். "உன்ர பேர் வேண்டாம். செயலாளர் நான்."

அறிவித்தல் அன்று மத்தியானம் வந்தது. அடுத்த இரண்டு நாளும் தொலைபேசி ஓயவில்லை. சிலர் ஏசினார்கள். இரண்டு சங்கங்கள் விலகுவதாகக் கடிதம் அனுப்பின. ஜெயரூபி பச்சை வரியையே தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். இப்போது பக்கம் திறந்ததும், நிலவரம் இன்னும் வந்துசேரவில்லை, வரும்வரை காத்திருங்கள் என்றுதான் முதலில் தெரியும். நிரல் உண்மையாகவே வந்து சொன்னால்தான் அது மாறும். றுமானா கொழும்பிலிருந்து பத்து வகைக் கைபேசிகளில் பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு அதற்குப் பிறகு மூன்று முறை ஜெயரூபி போனாள். கதிரவேல் பேசினார், பிரசாந்தனும் ஒன்றிரண்டு வார்த்தை பேசினான். புஸ்பராணி ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போனாள்.

தை மாதத்தில் கதிரவேல் உறவினர் ஒருவரின் படகில் மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கினார். அன்று விடிய ஐந்து மணிக்கு ஜெயரூபியின் கைபேசி அடித்தது.

"இண்டைக்கு எப்பிடி?" என்றாள் புஸ்பராணி. தங்கச்சி என்று சொல்லவில்லை.

ஜெயரூபி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "எச்சரிக்கை ஒண்டும் இல்லை அக்கா. இப்ப சைட்டிலயும் வந்திருக்கும்."

"சைட்டை நான் பாக்கமாட்டன். நீங்கள் உங்கட வாயால சொல்லுங்கோ. வானிலைக்காரர் அனுப்பினதைப் பாத்துச் சொல்லுங்கோ."

ஜெயரூபி விளக்கைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து, அன்று அதிகாலை வந்த அறிக்கையை முதல் வரியிலிருந்து வாசித்தாள். காற்றின் திசை, வேகம், அலையின் உயரம். புஸ்பராணி இடையில் பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "சரி," என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த நாளும் ஐந்து மணிக்கு எடுத்தாள். அதற்கு அடுத்த நாளும். ஜெயரூபி இப்போதெல்லாம் நாலே முக்காலுக்கு எழுந்து, அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள்.